அந்தத் தண்ணீர் எங்கே போனது?

அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். இயற்பியல் பாடத்தில் அழுத்தம், மிதப்பு, விசை என்று வரும்போதெல்லாம் பிள்ளைகள் தூங்கிவிடாமல் இருக்க ஒரு கதை வைத்திருந்தேன். அந்தக் கதை எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. கண்மாய்க் கரையில் ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கி, தோளைச் சாய்த்துத் தண்ணீரின்மேல் எறிவார். அது தத்தித் தத்தி நாலைந்து முறை குதித்துப் போய் மூழ்கும். "இதே மாதிரி ஒரு குண்டைத் தத்த விட்டு, ஜெர்மன்காரனோட அணையையே உடைச்சான் பாரு இங்கிலீஷ்காரன்" என்பார். அவர் கண்கள் விரியும். என் கண்களும் விரிந்தன. அதே கண்களோடுதான் என் வகுப்பிலும் அந்தக் கதையைச் சொன்னேன்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் கதையை முடித்துவிட்டு, கைதட்டலுக்குக் காத்திருப்பவள்போல நின்றேன். மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். அணைக்குக் கீழே ஆற்றோரக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். "டீச்சர், அந்தத் தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆத்துல போயிருக்கும், உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள். ஆனால் அவள் முகத்தில் இருந்தது திருப்தி அல்ல. அணை திறக்கும்போதெல்லாம் தண்டோராவும் ஒலிபெருக்கியும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஆற்றில் போகிற தண்ணீர் யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்று தெரியும். இயற்பியல் படித்த எனக்குத்தான் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அவளுக்கு நான் கடன்பட்ட பதில்.

முதலில், நான் சொல்லிவந்த கதை. 1943 மே 16 இரவு. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஸ்காம்ப்டன் விமானத் தளத்திலிருந்து 19 லங்காஸ்டர் விமானங்கள் கிளம்புகின்றன. அவற்றில் 133 பேர். இந்த ஒரு வேலைக்காகவே மார்ச் மாதம் உருவாக்கப்பட்ட 617ஆம் படைப்பிரிவு அது. தலைவர் கை கிப்சனுக்கு வயது 24. குறி, ஜெர்மனியின் எஃகுத் தொழிலுக்கு உயிரான ரூர் பகுதிக்கும் அதற்கு அப்பாலும் பயன்பட்ட அணைகள்: மோனே, ஏடர், சோர்பே. அணையின் முன்னால் டார்பிடோ தடுப்பு வலை. மேலிருந்து போடுகிற குண்டு சுவரில் துல்லியமாக விழாது. பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் வீட்டு முற்றத்தில், ஒரு தொட்டித் தண்ணீரின்மேல் மகளின் கோலிக்குண்டுகளைத் தத்த விட்டுப் பார்த்துத் தொடங்கிய யோசனை. பீப்பாய் வடிவில் நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள குண்டு. நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் பின்பக்கமாகச் சுழலவிட்டு, தண்ணீருக்கு 60 அடி உயரத்தில், அதாவது நன்றாக வளர்ந்த ஒரு பனைமரத்தின் உயரத்தில் பறந்துகொண்டு, எறிய வேண்டும். இருட்டில் அந்த உயரத்தை அளக்க, விமானத்தின் வயிற்றில் இரண்டு விளக்குகள். இரண்டு ஒளிவட்டங்களும் தண்ணீர்மேல் ஒன்றாய்ச் சேர்ந்தால் சரியான உயரம். குண்டு வலையைத் தாண்டித் தத்திப் போய், சுவரில் முட்டி, சுழற்சியால் சுவரை ஒட்டியே இறங்கி, 30 அடி ஆழத்தில் வெடிக்கும். சுற்றியுள்ள தண்ணீரே அந்த வெடிப்பைச் சுவர்மீது தள்ளும்.

எவ்வளவு அழகான பாடம்! கரும்பலகை நிறைய அம்புக்குறி போடுவேன். மோனே அணையில் ஐந்தாவது குண்டில் சுவர் பிளந்தது. ஏடரும் உடைந்தது. சோர்பே தாங்கிக்கொண்டது. 8 விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள், 3 பேர் சிறைப்பட்டார்கள். போரால் களைத்துப்போயிருந்த ஒரு நாட்டுக்குத் தெம்பு வந்தது. இதோடு என் கதை முடியும். உலகத்தில் பெரும்பாலானோருக்கும் இங்கேதான் முடிகிறது.

இனி தண்ணீரின் கதை.

1913இல் கட்டி முடிக்கப்பட்ட மோனே அணை 40 மீட்டர் உயரம், 650 மீட்டர் நீளம். கொள்ளளவு 13 கோடி கன மீட்டருக்கும் மேல். மே மாதம், அணை நிரம்பியிருந்த நேரம். நிரம்பியிருந்ததால்தான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சுவரில் 70 மீட்டருக்கு மேல் அகலமாக ஓட்டை விழுந்தது. நள்ளிரவு தாண்டி ஒரு மணி சுமாருக்கு அந்தத் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கியது. பள்ளத்தாக்கில் ஹிம்மல்ஃபோர்ட்டன் என்ற இடத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன் கன்னியாஸ்திரிகளின் மடமாக இருந்த பழைய தேவாலயம். அது அடியோடு போயிற்று. அங்கிருந்து கீழே, மோனே ஆறு ரூர் ஆற்றோடு சேரும் இடத்தில் நேஹைம் என்ற ஊர். அந்த ஊரின் ஆற்றோரத்தில் மரப்பலகைக் கொட்டகைகளால் ஆன ஒரு முகாம். வேலி போட்ட முகாம். அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பெண்கள். பெரும்பாலும் உக்ரைனிலிருந்தும், சோவியத் நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்தும், போலந்திலிருந்தும் பிடித்துவரப்பட்டவர்கள். ஜெர்மன் தொழிற்சாலைகளில் அடிமை வேலை செய்யக் கொண்டுவரப்பட்டவர்கள்.

அந்த ஒரு முகாமில் மட்டும் ஏறத்தாழ 500 பெண்கள் இறந்தார்கள். மோனே வெள்ளத்தில் இறந்தவர்களின் மொத்தக் கணக்கு 1,300 என்பதில் தொடங்கி 1,600 வரை போகிறது. அதில் பாதிக்கு மேல் ஜெர்மானியர்களே அல்ல. அடிமைத் தொழிலாளிகள், போர்க்கைதிகள். எதிரி நாட்டை அடித்ததாகச் சொல்லப்படும் தாக்குதலில் செத்தவர்களில் பெரும்பகுதி அந்த எதிரியால் கடத்தப்பட்டவர்கள். அவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மே 16 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாஜி ஆட்சியில் மே மாதத்தின் மூன்றாம் ஞாயிறு அன்னையர் தினம். அதிகம் பிள்ளை பெற்ற ஜெர்மன் தாய்மார்களுக்குச் சிலுவைப் பதக்கம் கொடுத்துக்கொண்டிருந்த அரசு அது. அதே அரசு கிழக்கிலிருந்து கொண்டுவந்த பெண்கள் கர்ப்பமானால் கருவைக் கலைக்க வைத்தது. ஒருத்தியின் கர்ப்பப்பைக்குப் பதக்கம், இன்னொருத்தியின் கர்ப்பப்பைக்குத் தண்டனை. இரண்டும் தேசத்தின் பெயரால்தான். அந்த அன்னையர் தினத்தின் இரவில்தான் தண்ணீர் வந்தது.

அந்தப் பெண்கள் யார்? 1942 முதல் நாஜிகள் ஆக்கிரமித்த சோவியத் பகுதிகளில் ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். சந்தையில், பள்ளி வாசலில், தேவாலயத்திலிருந்து வெளியே வரும் கூட்டத்தில் வளைத்துப் பிடித்து, ரயிலில் ஏற்றினார்கள். ஜெர்மனியில் அவர்களுக்கு 'கிழக்குத் தொழிலாளர்' என்று பெயர். சட்டையில் 'ஓஸ்ட்' என்ற எழுத்து தைத்த நீலத் துண்டு எப்போதும் இருக்க வேண்டும். அவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஏராளம். என் ஒன்பதாம் வகுப்புப் பெண்களைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர்கள். பன்னிரண்டு மணி நேர வேலை, தண்ணீரான சூப், வேலியிட்ட கொட்டகை. குண்டு விழும் நேரத்தில் ஊர்க்காரர்கள் ஒதுங்கும் பதுங்கு அறைகளில் அவர்களுக்கு இடமில்லை.

நாஜி ஜெர்மனிக்கு அவர்கள் கைகள் மட்டும்தான். பிரிட்டனுக்கு அவர்கள் வரைபடத்தில் இல்லாதவர்கள். பிழைத்து நாடு திரும்பியவர்களைச் சோவியத் அரசு, "எதிரிக்கு வேலை செய்தவள்தானே நீ" என்ற சந்தேகத்தோடு விசாரணை முகாம்களில் நிறுத்தி வடிகட்டியது. அடிமை உழைப்புக்கு இழப்பீடு கொடுக்க ஜெர்மனி ஓர் அறக்கட்டளையை உருவாக்கியது 2000ஆம் ஆண்டில்தான். அதற்குள் பெரும்பாலானவர்கள் கிழவிகளாகியிருந்தார்கள், அல்லது இறந்துபோயிருந்தார்கள். நேஹைம் பெண்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. மூன்று அரசுகள், மூன்று கொடிகள், மூன்று சித்தாந்தங்கள். இந்தப் பெண்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதில் மட்டும் மூன்றுக்கும் ஒற்றுமை.

இப்போது 'தேசத்தின் மன உறுதி' என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் என் சண்டை அந்தச் சொல்லோடுதான்.

தாக்குதலுக்கு மறுநாளே பிரிட்டிஷ் உளவு விமானம் ஒன்று மிக உயரத்திலிருந்து உடைந்த அணையைப் படம் பிடித்தது. அந்தப் படம் செய்தித்தாள்களின் முதல் பக்கங்களுக்குப் போனது. அப்போது வாஷிங்டனில் இருந்த சர்ச்சில், மே 19 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது இந்த வெற்றியைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். மே 27 அன்று அரசரும் அரசியும் ஸ்காம்ப்டனுக்கே வந்து வீரர்களோடு கைகுலுக்கினார்கள். கிப்சனுக்கு விக்டோரியா கிராஸ். இன்னும் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பதக்கங்கள். 1955இல் 'தி டாம் பஸ்டர்ஸ்' என்ற திரைப்படம் வந்தது. அதன் அணிவகுப்பு இசையை இங்கிலாந்து ரசிகர்கள் கால்பந்து மைதானங்களில் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் கடைசிச் சண்டைக்குக்கூட அந்தப் படத்தின் காட்சிகள்தான் மாதிரி. அதாவது, இந்தத் தாக்குதலைப் பற்றிக் கேள்விப்படாத குழந்தைகளின் மூளைக்குள்ளும் இதன் கதை வடிவம் போய்ச் சேர்ந்துவிட்டது: தைரியமான சில ஆண்கள், மிகச் சிறிய ஒரு குறி, ஒரே ஒரு வாய்ப்பு, பெரிய வெடிப்பு, கைதட்டல்.

அந்த முதல் பக்கப் படத்தைப் பாருங்கள். சுவரில் ஒரு ஓட்டை, அதிலிருந்து வெள்ளைக் கோடாக ஒழுகும் தண்ணீர். அவ்வளவுதான். ஒரு மனித உருவம் கிடையாது. மிக உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்கள் தெரியமாட்டார்கள். ஒரு தேசத்துக்கு மன உறுதி கொடுக்கிற படங்கள் பெரும்பாலும் இப்படி மேலிருந்து எடுத்த படங்கள்தான். எந்த உயரத்தில் நின்று பார்த்தால் பெருமை குறையாமல் இருக்குமோ, அந்த உயரத்தில் கேமராவை நிறுத்துகிறார்கள். தரையில், சேற்றில், உடைந்த பலகைகளுக்கு நடுவே நின்று எடுத்தால் அந்தப் படத்தை யாரும் வீட்டுச் சுவரில் மாட்டமாட்டார்கள்.

திரைப்படத்தின் கடைசிக் காட்சியில் வாலிஸ் நொறுங்கிப்போய் நிற்கிறார். 56 பேர் திரும்பவில்லையே என்று கலங்குகிறார். அவர்களின் வீடுகளுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு கிப்சன் நடந்து போகிறார். நல்ல காட்சி, உண்மையான துயரம். வாலிஸ் நிஜ வாழ்க்கையிலும் அப்படித்தான் கலங்கினார். பின்னாளில் தன் கண்டுபிடிப்புகளுக்காக அரசு கொடுத்த 10,000 பவுண்டை, இறந்த விமானப்படையினரின் பிள்ளைகள் படிக்கக் கொடுத்துவிட்டார். அவர் கல்நெஞ்சர் அல்ல. கிப்சனும் வெள்ளத்தில் மக்கள் மூழ்கியதைப் பற்றித் தனக்கிருந்த சங்கடத்தைத் தன் நூலில் ஒளிக்கவில்லை. ஆக, தனிமனிதர்களுக்கு நெஞ்சு உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தலை உருவி எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் தேசம் கதையாக வைத்துக்கொண்டது. படம் நம்மை 56 பேருக்காக அழச் சொல்கிறது. 1,300க்கும் மேற்பட்டவர்களுக்காக ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. துயரத்துக்கும் ரேஷன் கார்டு உண்டு போலிருக்கிறது.

அந்தப் படைப்பிரிவுக்குப் பிறகு ஒரு சின்னம் கிடைத்தது. உடைந்த அணை, அதன்கீழ் பிரெஞ்சு மொழியில் ஒரு வாசகம்: எனக்குப் பிறகு பெருவெள்ளம். பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் காதலி பொம்பதூர் சீமாட்டி சொன்னதாக வழங்கும் வாசகம் அது. நாங்கள் போனபின் எது நடந்தால் என்ன என்ற அலட்சியத்துக்கு உதாரணமாக இருநூறு ஆண்டுகளாகக் காட்டப்பட்ட சொல். ஒரு பெண்ணின் வாயில் அது ஒழுக்கக்கேடு. ஒரு படைப்பிரிவின் மார்பில் அது நகைச்சுவையும் பெருமையும். பிரிட்டிஷ் அரசரே அதற்கு ஒப்புதல் தந்தார். வெள்ளத்தில் 500 பெண்கள் செத்திருக்கிறார்கள், வெள்ளத்தை வைத்து ஒரு சிலேடை வேண்டாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிப்சன் ஒரு கறுப்பு நாய் வளர்த்தார். தாக்குதலை ஒட்டிய நாளில் கார் மோதி அது இறந்தது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்தான் அதன் பெயர். மோனே அணை உடைந்துவிட்டது என்று கம்பியில்லாத் தந்தியில் தெரிவிக்க அந்தப் பெயரையே குறிச்சொல்லாக வைத்திருந்தார்கள். ஸ்காம்ப்டனில் அந்த நாய்க்குக் கல்லறை இருக்கிறது. அந்தப் பெயர் இருந்த கல்லை 2020இல் மாற்றினார்கள். பெயர் வேண்டுமா வேண்டாமா, படத்தை மறுபடி எடுத்தால் நாயை என்ன சொல்லி அழைப்பது என்று இங்கிலாந்தில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. அந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் பெயரைப் பற்றிப் பேசிய ஊடகங்களில் ஒரு பங்காவது, பெயர் தெரியாமல் புதைக்கப்பட்ட பெண்களுக்குக் கிடைத்ததா? அந்த நாயை அந்தக் கதையை அறிந்த எல்லோருக்கும் தெரியும். நேஹைம் முகாமின் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லச் சொன்னால் யாராலும் முடியாது. என்னாலும் முடியாது.

இந்தச் சாகசக் கதையில் பெண்களே இல்லையா? இருக்கிறார்கள். மகளின் கோலிக்குண்டு இருக்கிறது. 1941 டிசம்பரில் பிரிட்டன் மணமாகாத இளம்பெண்களையும் கட்டாயப் போர்ப்பணிக்கு எடுத்தது. விமானத் தொழிற்சாலைகளில் ஆணி அறைந்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். விமானப்படையின் பெண்கள் பிரிவினர் தளங்களில் சமைத்தார்கள், வண்டி ஓட்டினார்கள், செய்தி வாங்கினார்கள். வான்வழிப் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்த மெட்மனம் மையத்தில் திறமைமிக்க பெண்கள் வேலை பார்த்தார்கள். தந்தி வந்த வீடுகளில் கதவைத் திறந்தவர்களும் பெண்கள். ஆணி அறைய, படம் பார்க்க, தந்தி வாங்க, மூழ்கிச் சாக, எல்லாவற்றுக்கும் பெண்கள் வேண்டும். தேசத்தின் மன உறுதி என்று ஒன்று விளைந்தபோது அதன் உருவம் மட்டும் ஒரு விமானியின் முகமாக இருந்தது.

இங்கே என்னோடு வாதாட வருகிறவர்கள் உண்டு. வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் போவது நேர்மையாகாது.

முதல் வாதம்: "எதிரே இருந்தது ஹிட்லர். நாஜிகள் தோற்காமல் அந்தப் பெண்களுக்கு விடுதலை ஏது?" உண்மை. முழு உண்மை. நாஜிகள் தோற்றே ஆக வேண்டியிருந்தது. ஆயுதம் இல்லாமல் அது நடந்திருக்காது. நான் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. அந்தப் பெண்களை அந்த ஆற்றங்கரையில் கொண்டுபோய் அடைத்த குற்றம் நாஜிகளுடையது. அதில் பங்கு கேட்க வேறு யாரும் இல்லை. ஆனால் யாருடைய விடுதலைக்காகப் போர் என்று சொல்கிறோமோ, அவர்களே செத்துப்போனால் அதைச் சொல்லவாவது வேண்டாமா? நியாயமான போர் என்பதற்காகப் பொய்க்கணக்கு எழுத உரிமை வந்துவிடுமா? போர் நியாயமானதாக இருந்தால் கணக்கு இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வாதம்: "முகாம் இருந்தது அவர்களுக்குத் தெரியாது." இருக்கலாம். ஆனால் பள்ளத்தாக்கில் ஊர்கள் இருப்பது எல்லா வரைபடத்திலும் இருந்தது. நிறைந்த அணையை நடு இரவில் உடைத்தால் தண்ணீர் எங்கே போகும் என்று என் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குத் தெரிந்தது. மேலும், 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்குக் கொடுத்த உத்தரவே, எதிரி நாட்டு மக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியை உடைப்பதைக் குறியாக வைத்தது. பாருங்கள், இங்கேயும் அதே சொல். நம்முடையதை ஏற்றுவதும் அவர்களுடையதை உடைப்பதும் ஒரே உடம்பின்மேல் நடக்கிற வேலை. ரூர் பள்ளத்தாக்கின் தொழிலாளர் என்று அவர்கள் எழுதியபோது அதில் நேஹைமின் பெண்களும் அடக்கம். அவர்களிடம் உடைக்க என்ன மன உறுதி இருந்தது? ஹிட்லருக்காகவா அவர்கள் இயந்திரத்தின் முன் நின்றார்கள்?

மூன்றாவது வாதம்: "போரின் போக்கை மாற்றிய தாக்குதல் அல்லவா?" தண்ணீரும் மின்சாரமும் தடைபட்டன. தொழிற்சாலைகள் தடுமாறின. அட்லாண்டிக் கரையில் அரண் கட்டிக்கொண்டிருந்த ஆட்களை இங்கே இழுக்க வேண்டியதாயிற்று. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதே ஆண்டு இலையுதிர் காலத்திலேயே மோனே அணையை மறுபடி கட்டி நிறுத்திவிட்டார்கள். யாரைக் கொண்டு கட்டினார்கள் தெரியுமா? ஆயிரக்கணக்கான ஆட்களை, அதில் ஏராளமான கட்டாயத் தொழிலாளிகளை, இரவும் பகலும் நிறுத்திக் கட்டினார்கள். ஒரு கூட்டம் அடிமைகள் வெள்ளத்தில் செத்தார்கள், இன்னொரு கூட்டம் அடிமைகள் ஓட்டையை அடைத்தார்கள். ஜெர்மானியர்களின் மன உறுதி? போருக்குப் பின் அமெரிக்கர்களே நடத்திய பெரிய ஆய்வு, குண்டுவீச்சால் மனம் சோர்ந்தாலும் ஜெர்மானியர்கள் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை என்று கண்டது. எனவே கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான்: "ராணுவ ரீதியாக எப்படியோ, நம் நாட்டின் மன உறுதியை உயர்த்தியதே, அது போதாதா?"

போதாது என்கிறேன். மன உறுதி உயரவில்லை என்று நான் சொல்லவரவில்லை. உயர்ந்தது. மூன்றரை ஆண்டு ரேஷனும் இருட்டும் பார்த்த மக்கள் அந்தப் படத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த மக்களை நான் குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறு. ஒரு தேசத்தின் மனம் உறுதிப்பட, அந்த மனத்திலிருந்து சிலரை அழிக்க வேண்டியிருக்கிறது என்றால், அது எந்த மாதிரி உறுதி? உண்மை தெரிந்தால் தளர்ந்துவிடும் உறுதிக்குப் போதை என்று பெயர்.

இப்படிக் கேட்ட முதல் பெண் நானில்லை. 1940இல், தலைக்குமேல் குண்டு விமானம் சுற்றும் சத்தத்தைக் கேட்டபடியே, வர்ஜீனியா வுல்ஃப் ஒரு கட்டுரையில் இதே திசையில் யோசித்தார். 1944இல் வேரா பிரிட்டன், நகரங்களின்மேல் நடக்கும் குண்டுவீச்சைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதினார். முதல் உலகப் போரில் காதலனையும் தம்பியையும் பறிகொடுத்தவர் அவர். காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டியவர். அவர் குண்டுவீச்சை எதிர்த்து எழுதியது, லண்டன்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த போரின் நடுவில். அவருக்குக் கிடைத்தது வசை. உணர்ச்சிவசப்பட்ட பெண், எதிரிக்கு உதவுகிறவள் என்றார்கள். அமெரிக்க அதிபர் மாளிகையிலிருந்தே மறுப்பு வந்தது. ஜார்ஜ் ஆர்வெல்கூட, போர் இளைஞர்களை மட்டும் கொல்வதைவிட எல்லோர்மேலும் பரவுவது மேல் என்ற தொனியில் அவரை மறுத்து எழுதினார். போரைக் கொண்டாடுகிறவர்களும் அதன் வலியை உணரட்டும் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நேஹைம் கொட்டகையில் தூங்கியவர்கள் எந்தப் போரையும் கொண்டாடவில்லை. அவர்களுக்கு ஓட்டு இல்லை, செய்தித்தாள் இல்லை, வேலியைத் தாண்டிப் போக அனுமதி இல்லை. 'எல்லோர்மேலும் பரவட்டும்' என்று சொன்னால், அது முதலில் போய்ப் படிவது பள்ளத்தில். தண்ணீரின் குணம் அது. பள்ளத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் பெண்ணியத்தின் வேலை.

1977இல் ஜெனிவா ஒப்பந்தங்களோடு சேர்த்த கூடுதல் நெறிமுறையில் ஒரு பிரிவு வந்தது. அணை, கரை, அணுமின் நிலையம் ஆகியவை ராணுவக் குறிகளாகவே இருந்தாலும், அவற்றைத் தாக்கினால் பொதுமக்கள் பெருமளவில் சாவார்கள் என்றால் தாக்கக் கூடாது. விதிவிலக்குகளும் ஓட்டைகளும் அதில் உண்டு. இந்தியா இன்றுவரை அந்த நெறிமுறையில் சேரவில்லை. அமெரிக்காவும் அதற்கு ஒப்புதல் தரவில்லை. ஆனாலும் அப்படி ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியை உலகத்தை எழுதவைத்தவர்களில், பெயர் தெரியாத அந்தப் பெண்களும் இருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு ஒரு படம் இல்லை, ஓர் அணிவகுப்பு இசை இல்லை. ஒரு சட்டப்பிரிவாவது இருக்கட்டும்.

நான் என்ன கேட்கிறேன்? கதையைச் சொல்லாதே என்று கேட்கவில்லை. நானே விட்டுவிடவில்லை. தத்திச் செல்லும் குண்டின் இயற்பியல் இன்னும் அழகுதான். அந்த 53 இளைஞர்களின் பயமும் துணிச்சலும் பொய்யல்ல. அவர்களில் பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். அவர்களையும் ஒரு தேசம் கணக்குப் போட்டுத்தான் செலவழித்தது. ஆனால் கதையை அணைச்சுவரோடு நிறுத்துகிற உரிமை நமக்கு இல்லை. ஆசிரியைகளுக்குச் சொல்கிறேன், அம்மாக்களுக்குச் சொல்கிறேன்: அடுத்தமுறை ஒரு வான் தாக்குதல், நாட்டின் மன உறுதி என்று வீட்டுத் தொலைக்காட்சி முழங்கும்போது, பிள்ளைகள் கைதட்டத் தொடங்கும்போது, அந்தப் படம் எவ்வளவு உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். கீழே யார் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கைதட்டலை ஒத்திப்போடுங்கள். அதனால் எந்தத் தேசமும் தோற்றுவிடாது.

அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் கேட்ட அடுத்த ஆண்டு, அதே பாடத்தில், கரும்பலகையில் அணையை வரைந்தேன். குண்டை வரைந்தேன், அம்புக்குறி போட்டேன். அதன்பின் பலகையின் மறுகோடிவரை ஆற்றை நீட்டி வரைந்து, அதன் கரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கொட்டகைகளைப் போட்டேன். வேலியும் போட்டேன். "இங்கே உங்களைவிட ஓரிரு வயது மூத்த அக்காக்கள் ஐந்நூறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்" என்று சொன்னேன். வகுப்பில் யாரும் கைதட்டவில்லை. யாரும் தூங்கவும் இல்லை. வரிசையாகக் கேள்விகள் வந்தன. அவர்களுக்கு நீந்தத் தெரியுமா, கேட்டைத் திறந்துவிட்டார்களா, அவர்கள் வீட்டுக்கு யார் தகவல் சொன்னார்கள். மணி அடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.